பெட்டி போகும் வழியில் ஆளையும் போக விடுங்கள்

சரக்குக் கப்பல் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், துறைமுகங்களில் அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

போன மாதம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு இரண்டு வரியில் ஒரு பதில் வந்தது. சரக்குக் கப்பல்களில் பயணிகளை ஏற்றுவது 2020-இல் நிறுத்தப்பட்டது, அந்த முடிவில் மாற்றம் இல்லை. அவ்வளவுதான். யார் எடுத்த முடிவு, மறுபடி எப்போது பார்ப்பார்கள், யாரிடம் முறையிடுவது, ஒன்றும் அதில் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு துறைமுக அலுவலகத்துக்குப் போய், கொழும்பு போகும் ஃபீடர் கப்பலில், அதாவது கண்டெய்னர் பெட்டிகளைப் பெரிய கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்னக் கப்பலில், பயணியாகப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தேன். "அம்மா, அதுல பெட்டிதான் போகும். ஆளுக்குன்னு படிவமே கிடையாது" என்று சொல்லி, நான் எழுதிக்கொண்டு போன மனுவை மேஜையின் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

அந்தப் படிவங்களோடு 28 வருஷம் இருந்தவள் நான். 1990 முதல் 2018 வரை திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் டாக்குமெண்டேஷன் வேலை பார்த்தேன். கப்பல் ஒரு நாட்டுத் துறைமுகத்துக்குள் வரும்போது கொடுக்க வேண்டிய காகிதங்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பொதுவான படிவங்களை வகுத்து வைத்திருக்கிறது. ஒன்றாம் எண் பொது அறிவிப்பு. இரண்டாம் எண் சரக்கு அறிவிப்பு. ஐந்தாம் எண் மாலுமிகள் பட்டியல். ஆறாம் எண் பயணிகள் பட்டியல். படிவம் இருக்கிறது, ஐயா. 2019 பிப்ரவரியில் கொழும்பிலிருந்து ஹாம்பர்க் போன ஒரு கண்டெய்னர் கப்பலின் ஆறாம் எண் படிவத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அது என் பெயர்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், கடலே இல்லாத ஊர்க்காரி எதற்காகக் கப்பலைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் நாங்கள் கடலைப் பார்க்காமலே கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள். திருப்பூர் பனியன், கரூர் படுக்கை விரிப்பு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார், கோயம்புத்தூர் பம்ப் செட், எல்லாம் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போய்த்தான் காசாகித் திரும்புகிறது. கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனால் எங்கள் ஊரில் சம்பளம் தள்ளிப்போகும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றபோது, அனுப்பர்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும் டீக்கடையில் நின்று அதைத்தான் பேசினார்கள். ஆனால் பேசியவர்களில் கப்பலை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 28 வருஷத்தில் கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பி.எல். எத்தனை ஆயிரம் சரிபார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வெசல் பெயர், வாயேஜ் நம்பர், கண்டெய்னர் நம்பர், சீல் நம்பர் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது, கம்பெனி வாசலில் ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டிக்குள் சரக்கு அடுக்கும் ஸ்டஃபிங் முடிந்து கதவு சாத்தி சீல் போட்டு, லாரி தாராபுரம் ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து ஃபீடரில் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். சரக்கை அனுப்பும் ஏற்பாட்டைப் பார்க்கும் ஃபார்வர்டர் போன் பண்ணி "மதர் வெசல்ல ஏறிடுச்சுங்க" என்று சொன்னால் எங்கள் வேலை முடிந்தது.

எங்கே ஏறியது? எப்படி ஏறியது? யார் ஏற்றினார்கள்? இதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே உண்டு. ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதற்கென்று வைத்தேன். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், போகிற போக்கில் அவளையும் பார்க்கலாம் என்று வீட்டில் சம்மதம் வாங்கினேன்.

அப்போது உங்களில் சிலர் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கேட்டதெல்லாம் கொடுத்தேன். மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, பயணக் காப்பீடு, ஜெர்மனிக்கு விசா, கப்பல் தாமதமானாலோ துறைமுகம் மாறினாலோ நிறுவனம் பொறுப்பில்லை என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். கட்டணம் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளைக்கு 100 யூரோ. இருபது நாளுக்கு 2,000 யூரோ, அன்றைய கணக்கில் சுமார் ஒன்றரை லட்சத்துக்கு மேல். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பணம். ஒரு ரூபாய் பேரம் பேசாமல் கட்டினேன்.

ஆனால் கப்பல் ஏறக் கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பெட்டிகள் அன்றைக்கும் தூத்துக்குடியிலிருந்து ஃபீடரில் கொழும்பு போய்க்கொண்டிருந்தன. சுமார் 150 கடல் மைல், ஒரு ராத்திரிப் பயணம். அதில் எனக்கு இடம் இல்லை. நான் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் திருச்சி போய், அங்கிருந்து விமானத்தில் கொழும்பு போய், அப்புறம் துறைமுகத்துக்குள் போய்க் கப்பல் ஏறினேன். நான் பேக்கிங் லிஸ்ட் போட்ட பெட்டிக்கு நேர் வழி, எனக்குச் சுற்று வழி. இந்த மடலுக்கு விதை அன்றைக்கே விழுந்துவிட்டது.

ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால் வெசல் பெயரைச் சொன்னதும் பழைய ஆபீஸ் பெண் கூப்பிட்டாள். "அக்கா, நம்ம பெட்டி ஒண்ணு அதே வெசல்லதான் புக் ஆகியிருக்குங்க" என்று கண்டெய்னர் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பினாள். நான்கு எழுத்து, ஏழு எண். கப்பலில் மூன்றாம் நாள், முதன்மை அதிகாரியிடம் அந்த நம்பரைக் காட்டி, இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கணினியில் தேடி, ஒரு துண்டுச் சீட்டில் ஆறு எண் எழுதிக் கொடுத்தார். 34 06 82. முதல் இரண்டு எண், கப்பலின் முன்பக்கத்திலிருந்து தொடங்கும் வரிசைகளில் அதன் எண். இரட்டைப்படை என்றால் நாற்பதடிப் பெட்டி. அடுத்த இரண்டு எண், நடுவிலிருந்து இடது பக்கம் மூன்றாவது. கடைசி 82 என்றால் தளத்துக்கு மேலே முதல் அடுக்கு. "கீழ் அடுக்குதான், தொட்டுப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் காலை எனக்கு ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் மாட்டிவிட்டு, போசன் என்று அழைக்கப்படும் தள மேஸ்திரி கூட்டிப்போனார். பிலிப்பைன்ஸ்காரர். பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு இரும்புப் பாதை. இரண்டு பக்கமும் பெட்டிகளை இழுத்துக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகள், கை மொத்தம். உப்புக் காற்றில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிகள் ஓயாமல் உறுமின. கப்பல் லேசாகச் சாயும்போது பெட்டிகளின் மூலைப் பூட்டுகள் ஒன்றோடொன்று உரசி, பழைய வீட்டுக் கதவு திறப்பது போல ஒரு சத்தம். அங்கே, அந்தச் சந்தில், எங்கள் பெட்டி இருந்தது. கதவுத் தாழ்ப்பாளில் ஆணி சீல். நான் குனிந்து நம்பரைப் படித்தேன். வாட்ஸப்பில் இருந்த அதே நம்பர். உள்ளே 700-க்கு மேல் அட்டைப்பெட்டி, எல்லாம் குழந்தைகள் பனியன். எந்த செக்கிங் டேபிளில் எந்தப் பெண்கள் நூல் பிசிர் வெட்டி மடித்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சீல் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. நான் அழுதேன். போசன் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு சீல் நம்பரில் ஒரு எண் தப்பாக டைப் ஆனதற்காக ராத்திரி முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து திருத்தியவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கப்பலில் இருபத்து நான்கு பேர். நான் ஒருத்திதான் பெண். ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள், பயமில்லையா என்று. முதல் நாளே கேப்டன் என்னை உட்காரவைத்து, அறையை உள்ளிருந்து பூட்டுவது எப்படி, எந்தத் தொலைபேசி எண்ணை அழுத்தினால் யார் எடுப்பார்கள், எந்த உயிர்காப்புப் படகில் எனக்கு எந்த இருக்கை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆபத்து மணி ஒத்திகையில் என் பெயரையும் கூப்பிட்டு எண்ணினார்கள். குளிர் நீரில் மிதக்க வைக்கும் ஆரஞ்சு நிற முழு அங்கியை மாட்டிப் பழகினேன். ஏடன் வளைகுடாவைத் தாண்டும்போது தளத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினார்கள், ராத்திரியில் வெளியே வரக் கூடாது, கொள்ளையர் வந்தால் எந்த அறைக்குள் ஓட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். பஸ்ஸில் ராத்திரிப் பயணம் போகும்போது எனக்கு இருக்கும் பயத்தில் பாதி கூட அங்கே இல்லை.

அப்புறம் சாப்பாடு. சமையல்காரர் தினமும் சோறு வைத்தார், ஆனால் எனக்கு இரண்டாம் வாரத்தில் நாக்கு செத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்து அடுப்பைக் காட்டிவிட்டார். நான் கொண்டுபோயிருந்த துவரம் பருப்பும், அவர்களுடைய அரிசியும், சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயமும், பூண்டும் போட்டு அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். இருபத்து நான்கு பேருக்கும். கடைசியாக வந்து தட்டை நீட்டியவர் இயந்திர அறையில் வேலை பார்க்கும் ஒரு பையன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். நல்லெண்ணெய் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்ததாம். "அக்கா, ஏழு மாசம் ஆச்சு தமிழ்ல ஒருத்தர்ட்ட நேரா பேசி" என்றான். அன்றைக்குச் சாயந்திரம் இரண்டு மணி நேரம் பேசினான். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, தங்கைக்கு வரன் பார்ப்பது, துறைமுகத்தில் இறங்க நேரமே கிடைக்காதது. பெரிய கப்பல்கள் இப்போது துறைமுகத்தில் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிற்கின்றன. அந்த நேரம் முழுக்க அவனுக்கு வேலை. ஊர் ஊராகப் போகிறவன் ஊரையே பார்ப்பதில்லை.

பயணி என்றால் இடைஞ்சல் என்று உங்கள் அலுவலகங்களில் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் இருந்த கப்பலில் அப்படி ஒருவரும் நினைக்கவில்லை. வேலையைப் பற்றி அல்லாமல் வேறு எதையாவது பேசுவதற்குக் கிடைத்த ஒரே ஆள் நான் என்று இரண்டாம் இன்ஜினியர் சொன்னார். 2020-இல் பெருந்தொற்று வந்து, உலகம் முழுக்க சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் தவித்ததாகச் செய்தி வந்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் கண்ணில் நின்றது. அவன் எந்தக் கப்பலில் இருக்கிறானோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். திருப்பூரில் அப்போது எல்லோரும் கண்டெய்னர் கிடைக்கவில்லை, வாடகை ஏறிவிட்டது என்றுதான் கவலைப்பட்டார்கள். மாலுமியைப் பற்றிக் கவலைப்பட ஒரு மாலுமியையாவது தெரிந்திருக்க வேண்டும்.

சூயஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், இங்கே இடமில்லை. 193 கிலோமீட்டர், விடிவதற்கு முன் வரிசையில் நுழைந்து சாயந்திரம் போர்ட் சயீது தாண்டினோம். இரண்டு பக்கமும் மணல், நடுவே பத்து மாடிக் கட்டடம் போல நாங்கள். பிஸ்கே விரிகுடாவில் இரண்டு நாள் புயல். படுக்கையிலிருந்து உருண்டு விழாமல் இருக்க, மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் உயிர்காப்புச் சட்டையைச் செருகி, சுவரோரம் பள்ளம் பண்ணிப் படுக்கும் வித்தையை அந்தப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். பயந்தேன். ஆனால் "ஷிப்மெண்ட் டிலே, பேட் வெதர்" என்று வந்த மின்னஞ்சல்களைப் படித்து எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, உங்கள் மறுப்புக்கு வருகிறேன். நான் விசாரித்த இடங்களில் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இவை.

தொற்று. 2020-இல் நீங்கள் மூடியது சரி. மாலுமிகளே இறங்க முடியாத நேரத்தில் பயணியை ஏற்றுவது தப்பு. ஆனால் உலகச் சுகாதார அமைப்பு 2023 மே மாதமே அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. விமானம் பறக்கிறது, ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு உல்லாசக் கப்பல்கள் போகின்றன. ஒரு கப்பலில் ஒரு பயணி மட்டும் இன்னும் ஆபத்தா?

பாதுகாப்பு விதிகள். சரக்குக் கப்பலில் ஆள் ஏற்றக் கூடாது என்று ஒரு அதிகாரி என்னிடம் அடித்துச் சொன்னார். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின்படி 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால்தான் அது பயணிகள் கப்பல். 12 வரைக்கும் அது சரக்குக் கப்பலாகவே இருக்கலாம். ஒருவரையோ இருவரையோ ஏற்றத்தான் நான் கேட்கிறேன்.

மருத்துவர் இல்லை. உண்மைதான். நூறு பேருக்குக் குறைவாக இருக்கும் கப்பலில் மருத்துவர் கட்டாயம் இல்லை, அது மாலுமிகளுக்கும் அப்படித்தான். அதனால்தான் எங்களிடம் உடல்தகுதிச் சான்று வாங்குகிறீர்கள், வயது வரம்பு வைக்கிறீர்கள். இன்னும் கடுமையாக வையுங்கள், நான் மறுக்கவில்லை.

செங்கடல். 2023 நவம்பருக்குப் பிறகு அங்கே கப்பல்கள் தாக்கப்பட்டன, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. அந்தத் தடத்தில் பயணிகளை ஏற்றாதீர்கள், முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போகும் ஃபீடர் செங்கடல் பக்கம் போவதில்லை.

நான் அதிகம் வருந்துவது இந்தத் தூத்துக்குடி, கொழும்புத் தடத்தைப் பற்றித்தான். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி விட்டது இதே தடத்தில்தான். ஆளையும் ஏற்றினார்கள், சரக்கையும் ஏற்றினார்கள். அந்த மனிதர் தண்டனை அனுபவித்துச் செக்கிழுத்தது எங்கள் கோயம்புத்தூர்ச் சிறையில். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் அதனால்தான் எனக்குப் பொறுக்காது. அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, பவானி ஜமுக்காளக் கட்டுகளோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். கீழே சரக்கு, மேல்தளத்தில் ஜனம். தன் சரக்கிலிருந்தே ஒன்றை உருவி விரித்துப் படுத்துக்கொண்டு போய், அதைக் கடைசி வரை விற்காமல் திரும்பக் கொண்டுவந்தார். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட அந்த ஜமுக்காளம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2019-இல் என் கப்பல் அறையில் அதைத்தான் விரித்தேன். சரக்கோடு ஆள் போவது அவர் காலத்தில் சாதாரணம். அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985-இல் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், சிங்கப்பூர் தடமும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு அரசு முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதத்தில் நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் விட்டார்கள், சில நாளில் நின்று, 2024-இல் மறுபடி தொடங்கினார்கள். பயணிகளுக்கென்றே ஒரு கப்பல் விட்டால் அதை நிரப்பக் கூட்டம் வேண்டும், கூட்டம் குறைந்தால் நஷ்டம், நஷ்டம் வந்தால் நிறுத்தம். ஃபீடர் கப்பலுக்கு அந்தக் கவலையே இல்லை. நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது போகத்தான் போகிறது. பெட்டிதான் அதற்குச் சோறு போடுகிறது. மாலுமிகளுக்குப் போக மீதம் ஒரு அறை இருந்தால், அதில் ஒருவர் போனால் உங்களுக்கு எரிபொருள் செலவு கூடாது, சாப்பாட்டுச் செலவை நாங்கள் கட்டுகிறோம். இதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

இன்னொன்றும் எனக்குச் சொன்னார்கள். இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, இதற்காக விதியைத் திருத்த முடியாது என்று. ஒரு நாளைக்கு 100 யூரோ என்று வைத்தது நீங்கள். ஒரு ராத்திரி ஃபீடர் பயணத்துக்கு நியாயமாக ஒரு தொகை வையுங்கள், யார் வருகிறார்கள் என்று பாருங்கள். திருப்பூரில் செக்கிங் பெண்கள் வருவார்கள், பேக்கிங் மாஸ்டர் வருவார், கரூரில் தறி ஓட்டுகிறவர் வருவார். நான் திரும்பி வந்ததும் பழைய கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். செல்போனில் இருந்த படங்களைக் காட்டினேன். முப்பது வருஷமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா, எங்கள் பெட்டி இருந்த படத்தை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன பொட்டிக்குள்ள நம்முளுது தனியாத் தெரியுதா கண்ணு?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போ" என்றார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

கப்பல் நிறுவனங்களே, 2020-இன் தற்காலிகத் தடையை நிரந்தர விதியாக நடத்துவதை நிறுத்துங்கள். எந்தத் தடத்தில் ஆபத்து இருக்கிறதோ அந்தத் தடத்தை மட்டும் மூடி வையுங்கள், மற்றவற்றைத் திறங்கள். திறக்க முடியாது என்றால், கப்பல் வாரியாகக் காரணத்தை எழுதி வெளியிடுங்கள். ஏற்றுவது என்று முடிவெடுத்தால், கப்பலில் வேலை பார்ப்பவர்களையும் கேட்டுவிட்டு எடுங்கள். அறையைச் சுத்தம் செய்து சோறு போடுகிறவர்கள் அவர்கள்தான், அந்தக் கூடுதல் வேலைக்குப் பயணிக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

துறைமுக அதிகாரிகளே, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே போகும் ஃபீடர் கப்பல்களில் ஒரு கப்பலுக்கு இரண்டு பயணிகள் என்று, ஒரு வருஷத்துக்குச் சோதனையாக அனுமதி கொடுங்கள். கொச்சியிலிருந்தும் அப்படியே. குடியேற்றச் சோதனைக்கு எந்த அலுவலகம், எந்த மேஜை, எத்தனை நாள் முன்னால் மனு போட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசலில் ஒட்டுங்கள். மனு கொடுப்பவரிடம் மனுவைத் திருப்பித் தள்ளாமல் வாங்கி, தேதி முத்திரை வைத்துக் கொடுங்கள். மறுப்பதானால் எந்த விதியின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் மறுங்கள். அந்த இரண்டு இடங்களில் ஒன்றை, மாதத்தில் ஒரு முறையாவது, அந்தக் கப்பலில் போகும் சரக்கைச் செய்த தொழிலாளிக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்குங்கள்.

மூன்று மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். எனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். எனக்கு இப்போது 65 வயது. பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். உடல்தகுதிச் சான்றும் காப்பீடும் ஒரு வாரத்தில் வாங்கிவிடுவேன். அந்த ஓவர்லாக் அக்கா போன வாரம்தான் தட்கலில் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டிருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஆறாம் எண் படிவத்தில் இடம் வேண்டும். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏற்றுமதி ஆவண ஊழியர்,
திருப்பூர்